வருவாயே ஈடு

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கான பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

கடன் என்னும் சொல்லைக் கேட்டாலே நம் கிராமத்து மக்கள் சற்றுத் தயங்குவது இயல்பு. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன், மழை பொய்த்த ஆண்டில் காணி நிலத்தையே கொண்டுபோன கதை எந்த ஊரிலும் உண்டு. ஆயினும், கிணறு வெட்டவும், பம்பு செட்டு வைக்கவும், கறவை மாடு வாங்கவும் துணை நின்றதும் அதே கடன்தான் என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே, கடன் நல்லதா கெட்டதா என்று கேட்பதைக் காட்டிலும், அக்கடன் எதிலிருந்து தீரும், எதை ஈடாகக் கொண்டு நிற்கிறது என்று கேட்பதே அறிவுடைமையாகும். இந்த இரண்டு கேள்விகளையே இன்று நாம் எடுத்துக்கொள்வோம்.

சர்க்காரும், நகராட்சிகளும், பிற பொது ஸ்தாபனங்களும் மக்களிடமிருந்தும் பாங்கிகளிடமிருந்தும் கடன் பெறும்போது எழுதிக் கொடுக்கும் உறுதிச் சீட்டே கடன் பத்திரம். அவற்றுள் ஒரு வகை வருவாய்க் கடன் பத்திரம் எனப்படும். குடிநீர்த் திட்டம், பாலம், சாக்கடை வசதி, மின் நிலையம் முதலிய பணிகளுக்காக இவ்வகைப் பத்திரங்கள் உலகின் பல பகுதிகளிலும் வெளியிடப்பட்டுள்ளன. நம் மாநிலத்திலும் வெளியிடப்பட்டுள்ளன.

“இது பட்டணத்து விஷயமாயிற்றே, கிராமத்தாருக்கு இதில் என்ன வேலை?” என்று தங்களிற் சிலர் எண்ணக்கூடும். கிராமப் பஞ்சாயத்து தானே பத்திரம் வெளியிட்டுச் சந்தையில் இறங்குவது வழக்கமன்று என்பது மெய்யே. ஆனால் இன்று பல ஊர்களும் நகரங்களும் சேர்ந்து ஒரே ஆற்றிலிருந்து கூட்டுக் குடிநீர் பெறுகின்றன. பொதுப் பணி ஒன்றுக்காகப் பல ஸ்தாபனங்கள் சேர்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் காலம் இது. அப்படி ஒரு தீர்மானம் மன்றத்தின் முன் வரும்போது கை தூக்கவேண்டியவர்கள் தாங்களே. பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்தாண்டு. கடனின் ஆயுளோ பதினைந்தாண்டாகவும் இருபதாண்டாகவும் இருக்கக்கூடும். இன்று தூக்கும் கை, இனித் தேர்ந்தெடுக்கப்படப் போகும் இரண்டு மூன்று மன்றங்களையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. எனவே விஷயத்தை நன்கு அறிந்து கை தூக்குவது நம் கடமை.

இரு வகை ஈடு

சர்க்கார் கடன் வாங்கும்போது எதை ஈடாக வைக்கிறது? மாநில சர்க்கார் வாங்கும் கடனுக்கு, அரசியல் சட்டத்தின் 293-வது பிரிவின்படி, மாநிலத்தின் தொகுப்பு நிதியே ஈடு. அதாவது, எல்லா வரிகளும் எல்லா வரவுகளும் வந்து விழுகின்ற பொதுக் கஜானாவே அக்கடனுக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு பாலத்துக்காக வாங்கிய கடனாயினும், அப்பாலத்தில் ஒரு வண்டியும் ஓடாவிட்டாலும், கடன் கொடுத்தவருக்குக் கவலையில்லை. இதைப் பொது ஈட்டுக் கடன் எனலாம்.

வருவாய்க் கடன் பத்திரம் அத்தகையதன்று. அந்தப் பணியிலிருந்து கிடைக்கும் வரவு, அல்லது பத்திரத்தில் பெயர் சொல்லிக் குறித்த ஒரு வரவு மட்டுமே அதற்கு ஈடு. குடிநீர்த் திட்டமென்றால் குடிநீர்க் கட்டணம், பாலமென்றால் சுங்கம், மின் நிலையமென்றால் மின்சாரம் விற்ற பணம். அந்த வரவு போதாவிட்டால், பத்திரத்தில் வேறு ஏற்பாடு எழுதியிராத வரையில், பொதுக் கஜானாவைத் தொடும் உரிமை கடன் கொடுத்தவருக்கு இல்லை. ஆகையால் அவர் சற்றுக் கூடுதல் வட்டி கேட்பதும் உண்டு.

நம் ஊர் வழக்கில் சொல்வதானால், முன்னதை ஜாமீன் கடன் என்றும், பின்னதை ஒத்தி போன்றது என்றும் ஒருவாறு கூறலாம். ஒத்தியில் நிலம் விற்கப்படுவதில்லை. நிலத்தின் பலன் மட்டுமே கடன் கொடுத்தவருக்குச் சேருகிறது. வருவாய்ப் பத்திரத்திலும் அப்படியே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஒத்தியில் கடன் கொடுத்தவரே நிலத்தை வைத்துக்கொண்டு பயிரிடுவார். இங்கோ, கடன் வாங்கிய ஸ்தாபனமே பணியை நடத்தி, பலனை அளந்து கொடுக்கவேண்டும்.

“ஊரின் மேல்நிலைத் தொட்டியையே அடமானம் வைத்துவிட்டால் என்ன?” என்று கேட்கலாம். அதை யார் ஏலத்தில் எடுப்பார்? எடுத்தாலும் எங்கே கொண்டு போவார்? மண்ணுக்குள் புதைந்த குழாயைத் தோண்டி விற்றால் கிடைப்பது பழைய இரும்பின் விலைதான். பொதுச் சொத்து விற்பனைக்கு உரியதன்று. அதன் மதிப்பு அது தரும் சேவையில் இருக்கிறது. ஆகவேதான் சொத்துக்குப் பதிலாக வரவே ஈடாக வைக்கப்படுகிறது.

களத்துப் பொலியைப் போல

வரவே ஈடு என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. வந்த பணம் எந்த வரிசையில் செலவாகவேண்டும் என்பதும் முன்கூட்டியே வகுக்கப்படவேண்டும்.

பழைய நாளில் களத்து மேட்டில் பொலி தூற்றியவுடன் நெல் நேரே பண்ணையார் வீட்டுக்குப் போய்விடவில்லை. அறுத்தவர் கூலி, கொல்லர், தச்சர், வண்ணார், காவல்காரர் ஆகியோருக்கு உரிய சுதந்திரம், கோயிலுக்கு உரிய பங்கு என்று வரிசையாக அளந்து, மிஞ்சியதே வீட்டுக்கு வந்தது. வருவாய்ப் பத்திரத்தின் ஒப்பந்தமும் இத்தகைய அளவை ஏற்பாடேயாகும்.

பெரும்பாலும் அந்த வரிசை இவ்வாறு அமையும். வரவு முழுவதும் முதலில் பாங்கியில் தனிக் கணக்கொன்றில் விழும். அதிலிருந்து முதலாவதாக, பணியை நடத்தும் செலவு எடுக்கப்படும். அதாவது மோட்டாருக்கு மின்சாரக் கட்டணம், ஊழியர் சம்பளம், அன்றாடப் பழுதுபார்ப்பு. இரண்டாவதாக, அவ்வாண்டுக் கடனுக்குரிய வட்டியும் அசலும். மூன்றாவதாக, காப்பு நிதி. ஒருவேளை ஓராண்டு வரவு குறைந்தால் கைகொடுப்பதற்காகச் சேர்த்து வைப்பது. நான்காவதாக, பெரிய பழுதுகளுக்கும் மாற்று இயந்திரங்களுக்கும் உரிய நிதி. இவை யாவும் போக மிஞ்சியதே ஸ்தாபனம் தன் விருப்பப்படி செலவிடக்கூடியது.

நடத்தும் செலவை முதலில் வைப்பது ஏன் என்று சிலர் ஐயுறலாம். மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாவிட்டால் கடன் தீராது. விதை நெல்லை அளந்து கொடுத்துக் கடன் அடைப்பவன் அடுத்த ஆண்டு கடனை எதைக் கொண்டு அடைப்பான்? ஆயினும் எல்லாப் பத்திரங்களும் இவ்வரிசையில் எழுதப்படுவதில்லை. சிலவற்றில் மொத்த வரவிலிருந்தே கடனுக்கு முதலிடம் தரப்படும். எந்த வரிசை எழுதப்பட்டுள்ளது என்பதைக் கவனித்துப் படிக்கவேண்டும்.

ஒரு சிறு கணக்கு

இப்போது ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். குடிநீர்த் திட்டத்துக்காக ஒரு கோடி ரூபாய் கடன், வட்டி 8 சதவீதம், பத்தாண்டுத் தவணை. இதை மூன்று விதமாகத் தீர்க்கலாம்.

முதல் வழி: ஆண்டுதோறும் அசலில் 10 இலட்சம் ரூபாய் கட்டி, மீதிக்கு வட்டி கொடுப்பது. முதலாண்டில் 18 இலட்சம் கட்டவேண்டும்; பத்தாம் ஆண்டில் 10 இலட்சத்து 80 ஆயிரம் போதும். மொத்த வட்டி 44 இலட்சம். சுமை முதலில் கூடுதல். ஆனால் மொத்தத்தில் வட்டி குறைவு.

இரண்டாம் வழி: அசலும் வட்டியும் சேர்த்து ஆண்டுதோறும் ஒரே தொகையாகக் கட்டுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 14 இலட்சத்து 90 ஆயிரம் ரூபாய். மொத்த வட்டி 49 இலட்சம். ஆண்டுக்காண்டு சுமை ஒரே அளவாக இருப்பதால் கட்டணம் விதிப்பது எளிது.

மூன்றாம் வழி: ஆண்டுதோறும் 8 இலட்சம் வட்டி மட்டும் கொடுத்து, பத்தாம் ஆண்டு முடிவில் ஒரு கோடி அசலையும் ஒரே மூச்சில் தருவது. இதற்காகக் கடன் தீர்ப்பு நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி ஆண்டுதோறும் பணம் ஒதுக்கவேண்டும். அந்த நிதிக்கு 6 சதவீத வட்டி கிடைப்பதாகக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 7 இலட்சத்து 59 ஆயிரம் ஒதுக்கவேண்டும். வட்டியையும் சேர்த்தால் ஆண்டுச் சுமை 15 இலட்சத்து 59 ஆயிரம். இவ்வழியின் அபாயம் கணக்கிலன்று, மனித மனத்தில் இருக்கிறது. பெட்டியில் பணம் சேர்ந்து கிடக்கும்போது, “இவ்வாண்டு மட்டும் அதில் கை வைப்போம்” என்ற ஆசை எழும். அதனால்தான் தீர்ப்பு நிதியைக் கடன் வாங்கியவர் கையில் விடாமல், பத்திரதாரர் நலனைக் காக்கும் டிரஸ்டியிடம் ஒப்படைப்பது முறையாயிற்று.

நம் கற்பனை ஊர் இரண்டாம் வழியை மேற்கொண்டதாகக் கொள்வோம். அவ்வூரில் 3,000 வீட்டு இணைப்புகள்; மாதம் 75 ரூபாய் கட்டணம். ஆண்டு வரவு 27 இலட்சம். நடத்தும் செலவு 6 இலட்சம். மிச்சம் 21 இலட்சம். கடன் தவணையோ 14 இலட்சத்து 90 ஆயிரம். அதாவது ஒரு ரூபாய்த் தவணைக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய் நாற்பது காசு வரவு இருக்கிறது. கடன் கொடுப்பவர் முதலில் பார்ப்பது இந்த விகிதத்தைத்தான். கேட்பதற்கு நிம்மதியாகவே இருக்கிறதல்லவா?

ஆனால் இது எல்லா வீட்டாரும் கட்டணம் கட்டினால் வரும் கணக்கு. ஐந்து வீட்டில் ஒரு வீடு கட்டாவிட்டால் வரவு 21 இலட்சத்து 60 ஆயிரமாகும். செலவு போக 15 இலட்சத்து 60 ஆயிரம். தவணைக்கு ஏறத்தாழச் சரியாகப் போகும். பெரிய பழுதுகளுக்கு அதிகம் மிஞ்சாது. நான்கு வீட்டில் ஒரு வீடு கட்டாவிட்டாலோ, மிச்சம் 14 இலட்சத்து 25 ஆயிரம். தவணைக்கே துண்டு விழுகிறது. பத்திரத்தில் எத்தனை முத்திரைகள் குத்தியிருந்தாலும், கடைசியில் அதன் ஈடு நான்காவது வீட்டுக்காரர் கட்டுகின்ற 75 ரூபாயில்தான் நிற்கிறது. கட்டணம் வசூலிக்கத் தயங்கும் மன்றம் கடன் வாங்கத் துணியலாகாது.

வேறொன்றையும் மறத்தலாகாது. வேலை முடிந்து தண்ணீர் வரும்வரை கட்டணம் வராது; வட்டியோ கடன் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். ஆகவே கட்டுமான காலத்து வட்டிக்கும் முன்னதாகவே வழி செய்யவேண்டும். வேலை ஓராண்டு தாமதமானால் அத்தாமதத்துக்கும் விலை உண்டு.

பண்ணைகள் ஜாமீன் நின்ற பாலம்

இவையெல்லாம் நடைமுறையில் எப்படி அமைந்தன என்பதற்கு இரண்டு வெளிநாட்டு நிகழ்ச்சிகளையும் இரண்டு நம் நாட்டு நிகழ்ச்சிகளையும் காண்போம். இவ்வகைப் பத்திரங்கள் மிகுதியாக வழங்குவது அமெரிக்காவில். ஆகவே முதலில் அங்கே செல்வோம்.

சான் பிரான்ஸிஸ்கோ நகரத்தின் வாயிலில் கடலிடுக்கின் குறுக்கே நிற்கும் கோல்டன் கேட் பாலத்தைப் படத்திலேனும் காணாதவர் குறைவு. அதைக் கட்டுவதற்காகக் கலிபோர்னியாவின் வட பகுதியைச் சேர்ந்த ஆறு மாவட்டங்களை உள்ளடக்கி 1928-ல் தனி ஸ்தாபனம் ஒன்று அமைக்கப்பட்டது. 1930 நவம்பரில், மூன்றரைக் கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிடலாமா என்று அப்பகுதி வாக்காளர்களிடமே கேட்டனர். உலகமெங்கும் பொருளாதார மந்தம் கவிந்த நேரம் அது. ஆயினும் மூவர்க்கு ஒருவர் என்ற விகிதத்தில் மக்கள் ஒப்புதல் அளித்தனர். அந்த ஒப்புதலின் பொருள் சாதாரணமானதன்று. அப்பகுதியிலிருந்த வீடுகளும், பண்ணைகளும், கடைகளும் அக்கடனுக்குப் பின் ஈடாக நின்றன. சுங்கம் போதாவிட்டால் அச்சொத்துக்களின் மேல் வரி விதிக்கலாம் என்பது ஏற்பாடு.

மந்தத்தில் பத்திரங்களை வாங்க ஆள் கிடைப்பது அரிதாயிற்று. 1932-ல் பாங்க் ஆப் அமெரிக்காவின் ஜியானினி என்பார் வாங்க ஒப்புக்கொண்டார். 1933 ஜனவரியில் தொடங்கிய வேலை 1937 மே மாதத்தில் முடிந்தது. மோட்டார் வண்டிக்கு ஒரு வழிக்கு அரை டாலர் சுங்கம். 1971-ல் கடைசிப் பத்திரமும் தீர்ந்தது. மூன்றரைக் கோடி டாலர் அசலும், ஏறத்தாழ 3 கோடியே 90 இலட்சம் டாலர் வட்டியும் முழுவதும் சுங்கத்திலிருந்தே கொடுக்கப்பட்டன. சுங்கம் முன்னே நின்றது. பண்ணையாளர் ஜாமீன் பின்னே நின்றது. அசலைவிட வட்டியே மிகுதி என்பதையும் கவனியுங்கள். நெடுங்காலக் கடனில் அது வியப்பன்று. ஆனால் மறைக்கத் தக்கதுமன்று.

எரியாத விளக்குக்கு விலை

இதற்கு மாறான நிகழ்ச்சி, அதே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. அங்கே பொது மின்சார ஸ்தாபனங்கள் சேர்ந்து அமைத்த ஒரு நிறுவனம் ஐந்து அணு மின் நிலையங்களைக் கட்ட முற்பட்டது. மின்சாரத் தேவை வேகமாக வளரும் என்று மதிப்பிட்டிருந்தார்கள், அவ்வாறு வளரவில்லை. செலவோ மதிப்பீட்டைப் பன்மடங்கு தாண்டிற்று. நான்காம், ஐந்தாம் நிலையங்கள் 1982 ஜனவரியில் கைவிடப்பட்டன.

அவ்விரண்டு நிலையங்களுக்கும் 225 கோடி டாலர் மதிப்புள்ள பத்திரங்கள் வெளியிடப்பட்டிருந்தன. அவற்றுக்கு ஈடு யாது? சிறு நகரங்களும், பொது மின்சார மாவட்டங்களும், கிராமிய மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்களுமாக 88 ஸ்தாபனங்கள் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம். நிலையம் முடிந்தாலும் முடியாவிட்டாலும், மின்சாரம் வந்தாலும் வராவிட்டாலும், எங்கள் பங்கைக் கட்டுவோம் என்பதே அதன் சாரம். கடன் கொடுத்தவர்கள் இதைக் கோட்டைச் சுவராக எண்ணினர். ஆனால் 1983 ஜூன் மாதத்தில் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், அத்தகைய வாக்குறுதி கொடுக்க அம்மாநிலத்தின் நகரங்களுக்கும் மின்சார மாவட்டங்களுக்கும் சட்டத்தில் அதிகாரமே இல்லை என்று தீர்ப்பளித்தது. ஈடு ஒரே நாளில் இல்லாதொழிந்தது. நிறுவனம் தவணை தவறியது. அந்நாட்டின் பொது ஸ்தாபனப் பத்திர வரலாற்றில் அதுவரை நிகழ்ந்த தவறுகைகளுள் அதுவே மிகப் பெரியது. சேமிப்பை அதில் இட்டவர்கள் வழக்காடி, நெடுநாள் கழித்துச் சமரசத்தில் ஒரு பகுதியை மட்டுமே பெற்றனர்.

இனி, மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். அதே நிறுவனத்தின் ஒன்றாம், மூன்றாம் நிலையங்களும் முடிக்கப்படவே இல்லை. ஆயினும் அவற்றின் பத்திரங்களுக்கு வட்டியும் அசலும் தவறாது வந்தன. காரணம், கொலம்பியா ஆற்று அணைகளின் மின்சாரத்தை விற்கும் பானவில் மின்சார நிர்வாகம் என்னும் மத்திய சர்க்கார் ஸ்தாபனம், தன் வருவாயிலிருந்து அக்கடனை ஏற்றுக்கொண்டிருந்தது. நிலையம் இல்லை, ஆனால் வருவாய் இருந்தது, ஆகவே தவணை தவறவில்லை. ஈடு என்பது கட்டடமன்று, சட்டம் ஏற்கும் வருவாய் உறுதியே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆனால் அந்த வருவாய் எங்கிருந்து வந்தது? அப்பகுதி மக்களின் மின்சாரக் கட்டணத்திலிருந்து வந்தது. ஒருபோதும் ஓடாத நிலையங்களுக்காக விவசாயியும் தொழிலாளியும் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டினார்கள். கடன் கொடுத்தவருக்கு ஈடாக இருப்பது கட்டணம் செலுத்துபவருக்குச் சுமையாகும். தீர்மானத்தில் கை தூக்கும்போது இவ்விரண்டையும் சேர்த்தே நாம் நினைக்கவேண்டும்.

நம் நாட்டு அனுபவம்

நம் நாட்டில் உள்ளாட்சிகள் கடன் வாங்குவதற்கு 1914-ம் ஆண்டின் உள்ளாட்சிக் கடன் சட்டம் பழமையான அடிப்படை. உள்ளாட்சி தன் நிதியை ஈடாகக் காட்டி, குறித்த நோக்கங்களுக்காக, சர்க்கார் வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடன் பெறலாம் என்பது அதன் கருத்து. வாஷிங்டன் கதையைக் கேட்ட பின், அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் ஏன் முதலில் பார்க்கிறோம் என்பது விளங்கும்.

1998-ல் அகமதாபாத் மாநகராட்சி, மாநில சர்க்காரின் உத்தரவாதம் இன்றியே நூறு கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. ஏழாண்டுத் தவணை. நகருக்குள் வரும் சரக்குகளின் மேல் வசூலித்த ஆக்ட்ராய் என்னும் நுழைவுத் தீர்வையில், பத்து வசூல் சாவடிகளின் வரவைத் தனிக் கணக்கில் விழும்படி செய்து ஈடாக்கினர். கவனிக்கத்தக்கது யாதெனில், 2007-ல் குஜராத்தில் அந்தத் தீர்வையே எடுபட்டுவிட்டது. ஏழாண்டுத் தவணை அதற்கு முன்பே முடிகின்ற தவணையாயிருந்தது. இருபதாண்டுத் தவணையாக இருந்திருப்பின் வேறு ஈடு தேடவேண்டி வந்திருக்கும். மேலான சர்க்கார் மாற்றிவிடக்கூடிய வரவை நீண்ட காலத்துக்கு ஈடு வைப்பதில் இந்த இடர் எப்போதும் உண்டு.

நம் தமிழ்நாட்டு நிகழ்ச்சி மேலும் படிப்பினை தருவது. சிறு நகரம் தனியே பத்திரம் வெளியிட்டால் வாங்குவார் இல்லை, செலவும் கட்டுபடியாகாது. ஆகவே 2002-ல் குடிநீர், துப்புரவுத் திட்டங்களுக்கான கூட்டு நிதி என்னும் டிரஸ்டு ஒன்று மாநில சர்க்காரால் அமைக்கப்பட்டது. 13 நகர உள்ளாட்சிகளின் தேவைகளைச் சேர்த்து, 30 கோடி ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட பத்திரம் பதினைந்தாண்டுக் காலத்துக்கு வெளியிடப்பட்டது. வட்டி 9.20 சதவீதம். தனித்தனியே வலுவற்ற வைக்கோலைப் புரியாக முறுக்கிப் பிரியாக்கியது போன்ற ஏற்பாடு இது.

அதன் ஈடு ஓரடுக்கன்று. முதலடுக்கு, ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் வரவிலிருந்து மாதந்தோறும் தனிக் கணக்கில் தவணையைச் செலுத்துவது. இரண்டாமடுக்கு, ஏறத்தாழ 6 கோடியே 90 இலட்சம் ரூபாய் கொண்ட காப்பு நிதி. மூன்றாமடுக்கு, காப்பு நிதியில் எடுத்ததை ஈடுசெய்ய, மாநில நிதிக் குழுவின் பரிந்துரைப்படி அந்த உள்ளாட்சிக்குச் சேரவேண்டிய பங்குத் தொகையிலிருந்தே சர்க்கார் பிடித்தம் செய்வது. நான்காமடுக்கு, அசலில் பாதிவரை அமெரிக்க சர்வதேச அபிவிருத்தி முகமையின் உத்தரவாதம். இத்தனை அடுக்குகள் இருந்தமையாலேயே சிறு நகரங்களின் பத்திரத்துக்கும் நல்ல தரமதிப்பீடு கிடைத்தது.

இவற்றுள் மூன்றாமடுக்கை மட்டும் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். மாநில நிதிக் குழுவின் பங்கு கிராமப் பஞ்சாயத்துக்கும் வருகின்ற ஒன்று. அது தெருவிளக்கு எரிய, துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்க, கைப்பம்பு பழுதுபார்க்க உதவும் பணம். அதில் பிடித்தம் செய்யச் சம்மதம் தந்து கையெழுத்திடும் உள்ளாட்சி, தண்ணீர்க் கட்டணத்தை மட்டும் ஈடு வைக்கவில்லை. தெருவிளக்கையும் சேர்த்தே ஈடு வைக்கிறது. கட்டணம் ஒழுங்காக வசூலானால் அந்த ஈட்டை ஒருவரும் தொடமாட்டார்கள். வசூல் தவறினாலோ, குழாயில் தண்ணீர் வாங்கிக்கொண்டு கட்டணம் கட்டாதவரின் கடனை, இணைப்பே இல்லாத கடைசித் தெருவின் ஏழை இருட்டில் நின்று கட்டவேண்டி வரும். இதுவே நாம் இன்று முக்கியமாகச் சொல்ல விழைவது.

இப்போது பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபி வாரியம், நகராட்சிப் பத்திரங்களுக்கென 2015-ல் விதிமுறைகள் வகுத்துள்ளது. வருவாய்ப் பத்திரமாயின், ஒதுக்கிய வரவு தனிக் கணக்கில் விழவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. விதிகள் நல்லவையே. ஆனால் வரவைத் தோற்றுவிக்கும் ஆற்றல் விதிக்கு இல்லை. அது ஊருக்கும் மன்றத்துக்குமே உண்டு.

கை தூக்குமுன்

கடன் தீர்மானம் ஒன்று தங்கள் முன் வரும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: இக்கடன் எந்த வரவிலிருந்து தீரும்? அந்த வரவு இன்று உண்மையில் எவ்வளவு வசூலாகிறது? விதித்த தொகையைச் சொல்லாமல் வசூலான தொகையைச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது: அந்த வரவு குறைந்தால் அடுத்து எதன்மேல் கை வைப்பார்கள்? அந்த வரிசையைக் கடைசிவரை படித்துக் காட்டச் செய்யுங்கள்.

மூன்றாவது: நடத்தும் செலவும் பழுதுபார்ப்பும் எங்கே இடம் பெற்றுள்ளன?

நான்காவது: கட்டணத்தை உயர்த்தவேண்டிய கடப்பாடு உண்டா? உண்டெனில், எளியோருக்குச் சலுகை தருவது எந்தக் கணக்கிலிருந்து?

ஐந்தாவது: இவ்வாறு வாக்குறுதி கொடுக்கச் சட்டத்தில் நமக்கு அதிகாரம் உண்டா? சர்க்காரின் அனுமதி எழுத்தில் இருக்கிறதா?

இவற்றுக்கு விடை தெளிவாகக் கிடைத்தால் தயங்காமல் கை தூக்குங்கள். நல்ல வரவுள்ள பணிக்குக் கடன் வாங்க அஞ்சி, குடிநீருக்காகப் பெண்கள் இன்னும் பத்தாண்டு குடம் சுமந்து நடக்கும்படி விடுவது சிக்கனமாகாது. விடை கிடைக்காவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கக் கோருங்கள். அப்படிக் கோருவது அபிவிருத்திக்குத் தடையன்று, அபிவிருத்திக்குக் காவல்.

விவசாயப் பெருமக்களில் சேமிப்புள்ளவர்கள் இத்தகைய பத்திரங்களை வாங்கவும் கூடும். அவர்களும் இதே கேள்விகளைத்தான் கேட்கவேண்டும். வட்டி விகிதம் கூடுதலாகக் காணப்பட்டால், ஈடு எங்கோ மெலிந்திருக்கிறது என்று ஐயுற்றுப் பத்திரத்தைப் படிப்பது நலம்.

ஒத்திச் சீட்டை வாசித்துக் காட்டாமல் கைந்நாட்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அக்காலம் போய்விட்டது. இன்று மன்றத்தில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் சீட்டைப் படிக்கவும், கேட்கவும், மறுக்கவும் உரிமை பெற்றவர்கள். ஊரார் பெயரால் எழுதும் சீட்டை, நம் சொந்த நிலத்தின் சீட்டைப் படிப்பதுபோல் வரிக்கு வரி படிப்போமாக. அவ்வாறு படித்து ஒப்பிய கடன் ஊருக்குத் தண்ணீராகவும், பாலமாகவும் வந்து சேர்ந்து, தவணை தோறும் தீர்ந்து, நம் பிள்ளைகள் கையில் கடனின்றிச் சொத்தாக நிற்கும்.